ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்: ஒரு ப்ரிண்டர் கணக்கு

மக்களே, மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது எந்த ப்ரிண்டர் நல்ல ப்ரிண்டர்னு மார்க் போடற கட்டுரை இல்ல. கடைசியில வாங்கறதுக்கும் யோசனை சொல்றேன், பயப்படாதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி திட்ட வேண்டியவங்களைத் திட்டிட்டுத்தான் போவேன். பி.காம். படிக்கிறவன் கையில கால்குலேட்டரைக் கொடுத்தா வேற என்ன நடக்கும் :-)

என் கட்சி ரொம்ப சிம்பிள். மூவாயிரம் நாலாயிரத்துக்கு விக்கறாங்களே சின்ன கார்ட்ரிட்ஜ் போட்ட இங்க்ஜெட் ப்ரிண்டர், அதை உங்களுக்கு ஒருத்தர் ஓசியிலயே கொடுத்தாலும் வாங்காதீங்க. வாங்கினா நட்டம். "என்னடா இது, ஓசியில வர்றதுல என்ன நட்டம்?"னு கேக்கறீங்களா? வாங்க, கணக்கைப் பாப்போம்.

கணக்கு

விலை ஆஃபருக்கு ஆஃபர் மாறும், கடைக்குக் கடை மாறும். அதனால நான் ரவுண்டா வச்சுக்கறேன். நீங்க உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க, முடிவு பெருசா மாறாது.

சின்ன கார்ட்ரிட்ஜ்ல கறுப்பு மை 120 பக்கம்தான் வரும்னு கம்பெனியே போட்டிருக்கற மாடல்கள் இருக்கு. அந்த மாதிரி கார்ட்ரிட்ஜ் ஒண்ணு 800 ரூபாய்னு வச்சுக்குவோம். 800-ஐ 120-ஆல வகுத்தா பக்கத்துக்கு 6 ரூபாய் 67 பைசா. பேப்பர் நீங்கதான் வாங்கணும். ஒரு ரீம் 500 தாள் 300 ரூபாய்னா தாளுக்கு 60 பைசா. மொத்தம் 7 ரூபாய் 27 பைசா.

இப்ப பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கற ஜெராக்ஸ் கடைக்குப் போங்க. பென் டிரைவ் கொடுத்தா ஒரு பக்கம் ப்ரிண்ட் எடுக்க 5 ரூபாய்னு வச்சுக்குவோம். பேப்பர் அவரோடது, கரண்ட் அவரோடது, ப்ரிண்டர் அவரோடது. அதுல அவருக்கு லாபமும் இருக்கு.

புரியுதா? லாபம் வச்சு விக்கிற கடைக்காரர்கிட்ட 5 ரூபாய். உங்க வீட்டு ப்ரிண்டர்ல லாபமே இல்லாம 7 ரூபாய் 27 பைசா. ப்ரிண்டர் விலையை நான் இன்னும் இந்தக் கணக்குல சேர்க்கவே இல்ல. சைபர்னுதான் போட்டிருக்கேன். அதான் சொன்னேன், ஓசியில கொடுத்தாலும் நட்டம்னு. ஒவ்வொரு பக்கத்துக்கும் 2 ரூபாய் 27 பைசா தண்டம்.

அடுத்தது இங்க் டேங்க். ப்ரிண்டர் 13,000 ரூபாய்னு வைங்க. எப்சன் 003 பாட்டில்ல 65 மில்லி கறுப்பு மை, 4,500 பக்கம் வரும்னு கம்பெனி கணக்கு. பாட்டில் 400 ரூபாய்னா பக்கத்துக்கு 9 பைசா. பேப்பரோட சேர்த்து சுமார் 70 பைசா.

7 ரூபாய் 27 பைசா எங்க, 70 பைசா எங்க! ரெண்டும் இங்க்ஜெட்தான். ரெண்டும் அதே பேப்பர்ல அதே ஹால் டிக்கெட்டைத்தான் அடிக்குது.

நாலாயிரத்துக்கும் பதிமூணாயிரத்துக்கும் வித்தியாசம் 9,000. பக்கத்துக்கு மிச்சம் 6 ரூபாய் 58 பைசா. அப்ப சுமார் 1,370 பக்கத்துலயே 13,000 ரூபாய் ப்ரிண்டர் "மலிவான" ப்ரிண்டரை விட மலிவாயிடும். எங்க அக்கவுண்டன்சி கிளாஸ்ல பிரேக் ஈவன் பாயிண்ட்னு படம் போட்டுக் காட்டுவாங்களே, அதேதான். ஒரு பி.காம். மாணவன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் 70 பக்கம், கைடு நாலு தடவை திருத்தச் சொல்லி, கடைசியில ரெண்டு காப்பின்னு அடிச்சாலே 400 பக்கத்தைத் தாண்டிடுவான்.

பொதட்டூர்பேட்டைக்காரங்களுக்குப் புரியற பாஷையில

எங்க ஊர் நெசவு ஊர். தெருவுக்குத் தெரு பவர்லூம் சத்தம். அந்தச் சத்தத்துலதான் தூங்கி, அந்தச் சத்தத்துலதான் எக்ஸாமுக்குப் படிச்சோம். அதனால ப்ரிண்டர் கம்பெனி பண்றதை எங்க ஊர்ல ஒரு நிமிஷத்துல விளக்கிடலாம்.

ஒருத்தர் வந்து சொல்றார்: "அண்ணே, தறி பாதி விலைக்குத் தர்றேன். ஒரே கண்டிஷன், பாவும் ஊடையும் என்கிட்டதான் வாங்கணும்." நூல் விலை என்னன்னு கேட்டா வெளி விலையை விட எழுபது மடங்கு. "சரிங்க, நான் வெளியில வாங்கிக்கறேன்"னு சொன்னா, "முடியாதுண்ணே, தறிக்குள்ள ஒரு சின்னப் பொட்டு வச்சிருக்கேன். என் நூல் இல்லேன்னா தறி ஓடாது." இதோட முடியல. நூல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே "தீர்ந்துடுச்சு"ன்னு தறி தானா நிக்கும். சிவப்பு நூல் தீர்ந்தா வெள்ளைத் துணியும் நெய்யாது.

எங்க ஊர்ல ஒரு ஆள் இந்தத் தறியை வாங்குவாரா? நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேள்வி கேட்டிருப்பாங்க. கூலிக்கு நெய்யறவங்களுக்கு இந்த வலி நல்லாவே தெரியும். தறி நம்மது, நூல் அடுத்தவன் கையில இருந்தா, யார் முதலாளி யார் கூலின்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா அதே குடும்பம் ப்ரிண்டர்னு வரும்போது ஆஃபர் போர்டைப் பாத்து வாங்கிட்டு வந்துடுது. காரணம், தறியோட கணக்கு அவங்களுக்குத் தெரியும். ப்ரிண்டரோட கணக்கை யாரும் காட்டவே இல்ல.

என் கூடப் படிக்கிற ஒரு பையன் வீட்ல நடந்தது இது. அவன் தங்கச்சி பிளஸ் டூ. நைனா கூலித் தறி ஓட்டறார். ஸ்கூல்ல தினமும் போன்ல பி.டி.எஃப். அனுப்பி, ப்ரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. பொண்ணு சாயந்திரம் கடைக்கு அலைய வேண்டாம்னு நைனா பண்டிகை ஆஃபர்ல ஒரு ப்ரிண்டர் வாங்கிட்டார். டப்பாவோட வந்த மை ஒரு மாசம்கூட வரல. அடுத்த கார்ட்ரிட்ஜ் வாங்கினாங்க. ஏப்ரல், மே லீவுல ப்ரிண்டரை யாரும் தொடல. திருத்தணி சுத்துவட்டார வெயில் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே, வானிலை அறிக்கையில வருஷா வருஷம் எங்க பேர் வருது. ஜூன்ல திறந்து பாத்தா மை காஞ்சு போச்சு. ரெண்டு கார்ட்ரிட்ஜும் மாத்தணும்னா ப்ரிண்டர் விலையில பாதிக்கு மேல. இப்ப அந்த ப்ரிண்டர் மேல செட்டாப் பாக்ஸ் உக்காந்திருக்கு. தங்கச்சி மறுபடியும் கடைக்கு நடந்து போய்க்கிட்டிருக்கா.

இதுல அந்த நைனாவோட தப்பு எங்க இருக்கு? அவர் பாத்த ஒரே நம்பர் டப்பா மேல இருந்த விலை. மத்த நம்பரை டப்பா மேல பெருசா போடலையே.

"கம்பெனியும் பொழைக்கணும் இல்ல?"

இப்படி ஆரம்பிச்சா உடனே சில பேர் கம்பெனிக்கு வக்காலத்து வாங்கிட்டு வருவாங்க. நம்ம கிளாஸ்லயே ரெண்டு மூணு பேர் இருக்காங்க, அவங்களுக்கே தெரியும் யாருன்னு. ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

வாதம் ஒண்ணு: "ப்ரிண்டரை அடக்க விலைக்கும் கீழ கொடுக்கறாங்க, மையில எடுத்துக்கறாங்க. இது ஒரு பிசினஸ் மாடல். மார்க்கெட்டிங் புக்லயே இருக்கு."

இருக்கு சாமி, நானும் அதே புக்கைத்தான் படிச்சேன். எச்.பி. கம்பெனித் தலைவர் என்ரிக் லோரஸ் 2024 ஜனவரியில டி.வி. பேட்டியிலயே இதைச் சொன்னார். ப்ரிண்டர் வாங்கற ஒவ்வொரு ஆள் மேலயும் நாங்க முதலீடு போடறோம், அவர் எங்க மையை வாங்கலேன்னா அது மோசமான முதலீடுங்கற அர்த்தத்துல. கொஞ்சம் யோசிங்க. நம்ம காசு கொடுத்து வாங்கற பொருளுக்கு, முதலீடு போட்டவர் அவராம். முதலீடுன்னா ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் தெரிஞ்சிருக்கணும். "இதை வாங்கினா வருஷத்துக்கு இவ்வளவு எனக்குத் தரணும்"னு முன்னாடியே சொல்லிட்டு வித்தா அது பிசினஸ். சொல்லாம வித்தா அதுக்குத் தமிழ்ல வேற பேர்.

வாதம் ரெண்டு: "சிப் வச்சது பாதுகாப்புக்கு. கண்ட மையை ஊத்தினா ப்ரிண்டர் கெட்டுடும், தரம் போயிடும்."

இதுக்கு நான் பதில் சொல்ல வேண்டாம், கேனான் கம்பெனியே சொல்லிடுச்சு. கொரோனாவுக்கு அப்புறம் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கா? அப்ப கேனானுக்கே தன்னோட டோனர் கார்ட்ரிட்ஜ்ல வைக்க சிப் கிடைக்கல. 2022 ஜனவரியில ஜெர்மனியில கேனான் வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? சிப் இல்லாத டோனர் அனுப்பறோம், மெஷின் எச்சரிக்கை காட்டும், அதைத் தாண்டிப் போங்க, ப்ரிண்ட் தரத்துக்கு ஒண்ணும் ஆகாது, டோனர் எவ்வளவு மிச்சம்னு சரியாக் காட்டாம போகலாம், அவ்வளவுதான்னு. அப்ப இத்தனை நாளா அந்தச் சிப் எதைக் காப்பாத்திச்சு? நம்ம ப்ரிண்டரையா, அவங்க கல்லாவையா?

இன்னொரு கதை. 2016 செப்டம்பர் 13-ஆம் தேதி, உலகத்துல நிறைய பேரோட எச்.பி. ஆபீஸ்ஜெட் ப்ரிண்டர்கள் ஒரே நாள்ல மத்த கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு. முந்தின நாள் வரைக்கும் ஓடிட்டிருந்த கார்ட்ரிட்ஜ். ப்ரிண்டருக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்லயே அந்தத் தடை இருந்துச்சு. ஜனங்க கொதிச்சு எழுந்ததும் அந்த மாசமே, தடையை எடுக்க ஒரு அப்டேட் தர்றோம்னு கம்பெனி இறங்கி வந்துச்சு. ஆனா அந்தப் பழக்கம் போகல. 2020 டிசம்பர்ல இத்தாலியில போட்டி கண்காணிப்பு ஆணையம், இந்தத் தடையை வாங்கறவங்களுக்குத் தெளிவாச் சொல்லலன்னு எச்.பி.க்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. கவனிங்க, "தெளிவாச் சொல்லல". என் வாதமும் அதேதான்.

வாதம் மூணு: "கார்ட்ரிட்ஜ் அவங்க கண்டுபிடிப்பு, காப்புரிமை இருக்கு. ரீஃபில் பண்றது ஒரு வகைத் திருட்டு."

அமெரிக்காவுல லெக்ஸ்மார்க்னு ஒரு ப்ரிண்டர் கம்பெனி இதே வாதத்தோட உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. காலி கார்ட்ரிட்ஜை வாங்கி ரீஃபில் பண்ணி வித்த இம்ப்ரெஷன் ப்ராடக்ட்ஸ்ங்கற சின்ன கம்பெனி மேல கேஸ். 2017 மே 30-ஆம் தேதி தீர்ப்பு: ஒரு பொருளை வித்துட்டா அதோட அந்தப் பொருள் மேல காப்புரிமை முடிஞ்சுது, வாங்கினவர் ரீஃபில் பண்ணலாம், விக்கலாம். வித்த பொருளுக்கு வித்தவர் உரிமை கொண்டாட முடியாது. காப்புரிமையைத் தெய்வமா கும்பிடற ஊர்லயே இப்படி. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்ல டோனர் பவுடர் போடற அண்ணனைத் திருடன்னு சொல்றவங்க கொஞ்சம் நிதானிக்கணும்.

சரி, நியாயமான ஒரு வாதமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சின்ன கார்ட்ரிட்ஜ்கள் பலதுல மை மட்டும் இல்ல, மையைத் தெளிக்கற ப்ரிண்ட் ஹெட்டும் அதுலயே இருக்கு. ஒவ்வொரு தடவையும் புது ஹெட் வாங்கறோம், அதுக்குத்தான் காசுங்கறாங்க. ஒத்துக்கறேன். ஆனா 120 பக்கத்துக்கு ஒரு தடவை யார் புது ஹெட் கேட்டா? 120 பக்கத்துக்குத் தேயற பொருளா அது? ஊசி போட்டு மை நிரப்பினா அதே ஹெட் திரும்பத் திரும்ப அடிக்குதே! பேனாவுல மை தீர்ந்தா நிப்போட சேர்த்துத் தூக்கிப் போடுங்கற கதைதான். இன்னொண்ணு, நம்ம நாட்டு மின்கழிவு விதிகள்ல ப்ரிண்டரோட கார்ட்ரிட்ஜும் மின்கழிவுன்னுதான் பட்டியல்ல இருக்கு. 120 பக்கத்துக்கு ஒரு மின்கழிவு. எங்க ஊர்ல அது எங்க போகும்? வேற எங்க, குப்பை மேட்டுக்குத்தான்.

"புடிக்கலேன்னா வாங்காதீங்க, மார்க்கெட் தீர்மானிக்கட்டும்"

இதுதான் பெரிய வாதம். எகனாமிக்ஸ் படிச்ச பசங்க ரொம்ப ஆசையா சொல்றது. மார்க்கெட் தீர்மானிச்ச கதை ரெண்டு சொல்றேன்.

முதல் கதை கோடக். 2007-ல கோடக் ப்ரிண்டர் தொழிலுக்கு வந்துச்சு. மத்தவங்க பண்றதைத் தலைகீழாப் பண்ணிச்சு: ப்ரிண்டர் விலை கொஞ்சம் கூட, மை விலை ரொம்பக் கம்மி. கறுப்பு கார்ட்ரிட்ஜ் பத்து டாலருக்குள்ள. மத்த கம்பெனி மை விலையைக் கிண்டல் பண்ணியே விளம்பரம் போட்டாங்க. நேர்மையான விலை. என்ன ஆச்சு? 2012 ஜனவரியில கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல வீட்டு ப்ரிண்டர் விக்கறதை நிறுத்தறோம்னு அறிவிச்சுது. கோடக் விழுந்ததுக்கு ஃபிலிம் போனது பெரிய காரணம், அது வேற. ஆனா ப்ரிண்டர்ல அது ஏன் ஜெயிக்கலன்னு பாருங்க. கடை ஷெல்ஃப்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு டப்பா. ஒண்ணு விலை கம்மி, ஒண்ணு கூட. மை கணக்கு ஷெல்ஃப்ல தெரியாது. நேர்மையானவன் டப்பாதான் "காஸ்ட்லி"யாத் தெரியும். விலையில பாதியை மறைக்கற மார்க்கெட்ல நேர்மைக்குக் கிடைக்கற பரிசு இதுதான்.

ரெண்டாவது கதை நம்ம பக்கத்துது. இந்தியா, இந்தோனேசியா மாதிரி நாடுகள்ல ஜனங்க என்ன பண்ணாங்க? ப்ரிண்டர் மூடியை அறுத்து, சின்னக் குழாய் விட்டு, வெளியில நாலு டப்பா மை வச்சு ஓட்டினாங்க. ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, பிட் நோட்டீஸ் அடிக்கறவங்க எல்லார்கிட்டயும் இந்தக் குழாய் வச்ச ப்ரிண்டர் இருந்துச்சு. கம்பெனி "வாரண்டி போச்சு"ன்னு மிரட்டிச்சு. யாரும் பயப்படல. கடைசியில எப்சன் என்ன பண்ணுச்சு? 2010-ல இந்தோனேசியாவுல அதே ஐடியாவைத் தானே செஞ்சு, டேங்க் வச்ச ப்ரிண்டர்னு வித்துச்சு. அப்புறம் இந்தியாவுக்கும் வந்துச்சு. சில வருஷத்துல பிரதர், கேனான், எச்.பி. எல்லாரும் பின்னாடியே டேங்க் ப்ரிண்டரோட வந்துட்டாங்க.

அப்ப இந்த 9 பைசா பக்கத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தது யாரு? போட்டியோட அற்புதம்னு புக்ல எழுதுவாங்க. எனக்கென்னவோ ஊசியும் குழாயும் வச்சுக்கிட்டு "திருடன்" பட்டம் வாங்கின அந்தக் கடைக்கார அண்ணன்கள்தான்னு தோணுது. அவங்க கணக்குப் போட்டாங்க, அதனால அவங்களை ஏமாத்த முடியல. வீட்டுக்கு வாங்கறவங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, அதனால சின்ன கார்ட்ரிட்ஜ் ப்ரிண்டர் இன்னும் வீட்டுக்குத்தான் வருது. தெரிஞ்சவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை. மார்க்கெட் தீர்மானிச்ச லட்சணம் இதான்.

அப்ப என்ன பண்ணச் சொல்றே?

ஒரே ஒரு ஸ்டிக்கர். டப்பா முன்னாடி, பெரிய எழுத்துல: "இந்த ப்ரிண்டர்ல ஒரு பக்கம் அடிக்க இவ்வளவு ரூபாய்." அவ்வளவுதான் நான் கேக்கறது.

முடியாதா? ஃப்ரிட்ஜ், ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரம் போட்ட லேபிள் பாக்கறோம் இல்ல? மின் சிக்கன அமைப்பு 2006-ல கொண்டு வந்தது அது. வருஷத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும்னு அதுல போட்டிருக்கும். இன்னிக்கு எங்க ஊர்ல படிக்காத பாட்டி கூட "எத்தனை ஸ்டார்?"னு கேட்டுத்தான் ஃப்ரிட்ஜ் வாங்குது. யாரும் பாட்டிக்கு எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் சொல்லித்தரல, ஸ்டிக்கர் ஒட்டினாங்க.

இன்னொண்ணு, பேக்கெட் பொருட்களுக்கான எடையளவு விதிகளை 2021-ல திருத்தினாங்க. ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலைன்னு பேக்கெட் மேல போடணும்னு கொண்டு வந்தாங்க. பிஸ்கட்டுக்கு கிராம் கணக்கு சொல்லலாம்னா மைக்குப் பக்கம் கணக்கு சொல்ல என்ன கஷ்டம்?

"ஒவ்வொரு பக்கத்துலயும் எழுத்து கூடக் குறைய இருக்குமே, எப்படி அளக்கறது?"ன்னு கேப்பாங்க. அதுக்கும் வழி எப்பவோ இருக்கு. லேசர் டோனருக்கு ஐ.எஸ்.ஓ. 19752-ன்னு 2004-லயும், கலர் இங்க்ஜெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 24711-ன்னு 2006-லயும் உலகத் தர அளவு வந்தாச்சு. எந்தப் பக்கத்தை அடிச்சு அளக்கணும்கறது வரைக்கும் வகுத்து வச்சிருக்காங்க. கம்பெனிங்களும் அளந்து, பக்கக் கணக்கை எங்கயோ ஒரு மூலையில பொடி எழுத்துல போடத்தான் செய்யறாங்க. நம்பர் இருக்கு. அதை விலையால வகுத்து, டப்பா முன்னாடி கொண்டு வரணும். நாலாங்கிளாஸ் வகுத்தல்!

இந்த ஸ்டிக்கர் வந்தா, 7 ரூபாய்னு போட்ட டப்பாவும் 70 பைசான்னு போட்ட டப்பாவும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா, அந்த நைனா எதை எடுப்பார்? அவ்வளவுதான் விஷயம். எதையும் தடை பண்ண வேண்டாம், விலையைக் கட்டுப்படுத்த வேண்டாம். அப்புறம் மார்க்கெட் தாராளமாத் தீர்மானிக்கட்டும், நானும் கை தட்டறேன்.

ஸ்டிக்கர் வர்ற வரைக்கும்

சொன்ன மாதிரி, வாங்கறவங்களுக்கு யோசனை.

1. மாசம் 50 பக்கத்துக்குக் கீழ அடிக்கறீங்களா? ப்ரிண்டரே வேண்டாம். டேங்க் ப்ரிண்டர்லயே கடையை விடப் பக்கத்துக்கு 4 ரூபாய் 30 பைசாதான் மிச்சம். 13,000 ரூபாயை அதுல எடுக்க 3,000 பக்கத்துக்கு மேல அடிக்கணும். மாசம் 50-ன்னா அஞ்சு வருஷம். அதுவரைக்கும் மிஷின் தாங்கணும், மை காயாம இருக்கணும். பேசாம ஜெராக்ஸ் கடைக்கே போங்க. பட்டா, சிட்டா, சர்டிபிகேட்டுக்கு இ-சேவை மையம் இருக்கு.

2. ரெண்டு பிள்ளைங்க படிக்கற வீடு, டியூஷன் எடுக்கறவங்க, மாசம் 150 பக்கம் போறவங்க: இங்க் டேங்க். 20 மாசத்துல போட்ட காசு வந்துடும்.

3. கலரே வேண்டாம், மாசக்கணக்குல சும்மாவும் கிடக்கும், திடீர்னு நூறு பக்கம் அடிக்கணும்னா: கறுப்பு வெள்ளை லேசர். டோனர் பவுடர், காயவே காயாது. எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனான் எல்.பி.பி. 2900 மாதிரி பழைய மிஷின்களை ஜெராக்ஸ் கடைகள் ஏன் இன்னும் விடாம வச்சிருக்குன்னு நினைக்கறீங்க? எச்.பி. 12ஏ டோனர்ல சிப்பே கிடையாது. 2,000 பக்கம் வரும், பவுடர் போட்டா மறுபடியும் ஓடும். நல்ல நிலையில செகண்ட் ஹேண்ட் கிடைச்சா, தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்து வாங்குங்க. புது லேசர் வாங்கறதா இருந்தா மொதல்ல டோனர் விலையையும் ரீஃபில் ஆகுமாங்கறதையும் கேளுங்க, அப்புறம் ப்ரிண்டர் விலையைக் கேளுங்க.

4. டேங்க் ப்ரிண்டர்லயும் வில்லங்கம் உண்டு. வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது அடிங்க, இல்லேன்னா நம்ம ஊர் வெயில்ல ஹெட் அடைச்சுக்கும். ஸ்விட்ச் போர்டுல அணைக்காதீங்க, ப்ரிண்டர்ல இருக்கற பட்டனை அமுக்கி அணைங்க. அப்பதான் ஹெட் மூடிக்கிட்டு தூங்கும். அடிக்கடி ஹெட் க்ளீனிங் கொடுக்காதீங்க. அந்த மை எல்லாம் கீழ ஒரு பஞ்சுல போய்ச் சேரும். பஞ்சு நிறைஞ்சதுன்னு கணக்கு ஆனா ப்ரிண்டர் நின்னுடும், சர்வீஸ் செலவு வைக்கும்.

5. ஒரே தெருவுல நாலு வீடு சேர்ந்து ஒரு டேங்க் ப்ரிண்டர் வாங்குங்க. வீட்டுக்கு 3,250 ரூபாய், சின்ன கார்ட்ரிட்ஜ் ப்ரிண்டரை விடக் கம்மி! தறிக்குக் கூட்டுறவு சங்கம் வச்ச ஊர்ல ப்ரிண்டருக்கு வைக்க முடியாதா என்ன? காஞ்சு போற பிரச்சினையும் தீர்ந்தது, நாலு வீட்டுப் பிள்ளைங்க அடிச்சா எந்த மை காயும்?

கடைக்குப் போனா ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "அண்ணே, இதுல ஒரு பக்கம் அடிக்க என்ன ஆகும்?" பதில் தெரியலேன்னா கார்ட்ரிட்ஜ் விலையும் எத்தனை பக்கம்னும் கேட்டு, அங்கயே போனை எடுத்து வகுத்துப் பாருங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி சத்தமா வகுங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

டிஸ்கி: எந்தக் கம்பெனிகிட்டயும் நான் காசு வாங்கல. கொடுத்தா வாங்குவேனான்னு கேக்காதீங்க, ப்ரிண்டரா கொடுத்தா மட்டும் கண்டிப்பா வேண்டாம் :-)